கோடியக்கரைக்கு முன் மூக்கனேரி: பறவை பார்க்கத் தொடங்கும் சேலத்துக்காரர்களுக்கு

மார்கழி பிறந்துவிட்டால், "கோடியக்கரைக்குப் பூநாரை வந்துடுச்சா? எப்பப் போகலாம்?" என்று நண்பர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்பவர்களில் பலர் அதுவரை பைனாகுலரைக் கையில் எடுத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கட்டாயம் போங்கள், ஆனால் அதற்கு முன் இரண்டு மாதமாவது நம் ஊர் ஏரிக்கரையில் நின்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

காரணம் இருக்கிறது. கோடியக்கரையை ஒட்டிய வேதாரண்யத்தின் பெரும் சதுப்பில் நின்று பார்த்தால் ஒரே பார்வையில் ஆயிரக்கணக்கான பறவைகள் தெரியும். பூநாரையை (ஃபிளமிங்கோ) யாரும் காட்டித் தரவேண்டியதில்லை. அதைச் சுற்றிச் சேற்றில் ஓடிக்கொண்டிருக்கும் சாம்பலும் பழுப்புமான சின்னப் பறவைகள்தான் அந்த இடத்தின் உயிர். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு, மத்திய ஆசியா வழியாக இவ்வளவு தூரம் பறந்து வந்தவை பல அவற்றில் உண்டு. பழகாத கண்ணுக்கு அவை எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். பூநாரையைப் படம் எடுத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் 'ஏதோ குருவிகள்' என்று விட்டுவிட்டுத் திரும்புவது அந்தப் பறவைகளுக்கும் நியாயம் இல்லை, முந்நூறு கிலோமீட்டர் பயணத்துக்கும் நியாயம் இல்லை.

கருவி

பைனாகுலர் ஒன்று வேண்டும். கடையில் 8x42, 10x50 என்று எண்கள் போட்டிருப்பார்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். புதியவர்கள் 8x42 அல்லது 8x40 வாங்குங்கள். 10 மடங்கு இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் பெரிதாகத் தெரியத் தெரியக் கை நடுக்கமும் பெரிதாகும், தெரியும் பரப்பும் குறுகும். பழகாத கையில் பறவை அகப்படாது. பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். 20 மடங்கு, 50 மடங்கு என்று போட்டு மலிவாக விற்பதை வாங்கவே வேண்டாம்.

வாங்கியதும் கண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்யுங்கள். வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, தூரத்தில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையை நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மறைத்து, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். வளையம் நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண் வைக்கும் ரப்பர் குவளையை மடக்கிவிட வேண்டும்.

பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடக் கூடாது. பார்வை பறவை மேலேயே இருக்க, கை மட்டும் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இதை மொட்டைமாடியில் காக்கையை வைத்தே பழகிவிடலாம்.

மூக்கனேரியில் ஆரம்பம்

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை இறங்கி வந்து சேரும் ஏரிகளில் கன்னங்குறிச்சி மூக்கனேரியும் ஒன்று. 2010-க்குப் பிறகு தன்னார்வலர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அதைச் சீரமைத்தபோது, ஏரிக்குள் மண்ணைக் குவித்துச் சிறு சிறு தீவுகள் அமைத்து மரம் நட்டார்கள். நீர்ப்பறவைகள் நாய்க்கும் ஆளுக்கும் அஞ்சாமல் அடைவதற்கு அந்த மரங்கள் இடம் கொடுத்தன. டவுனிலிருந்து பஸ்ஸிலேயே போய் நிற்கக்கூடிய தூரத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது நமக்குக் கிடைத்த வரம்.

காலை ஆறரைக்குள் கரைக்கு வந்துவிடுங்கள். வெயில் முதுகில் படும்படி நிற்பதுதான் முதல் பாடம். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

முதல் சில நாட்களில் பட்டியலை நீட்ட ஆசைப்படாதீர்கள். நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், குருட்டுக்கொக்கு, உண்ணிக்கொக்கு, சிவந்த மூக்கருகே தசை தொங்கும் ஆட்காட்டி. இவற்றை உருவத்தாலேயே சொல்லும் அளவுக்குப் பார்த்துப் பழகுங்கள். கறுப்பு உடலும் நெற்றியில் வெள்ளைப் பட்டையும் கொண்டு தண்ணீரில் மிதப்பது நாமக்கோழி. வாத்துபோல் தோன்றினாலும் அது வாத்து இல்லை. அதன் பக்கத்தில் பஞ்சுருண்டை போல இருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்குள் மறைந்து பத்தடி தள்ளி எழுவது முக்குளிப்பான்.

நத்தைகுத்தி நாரை கண்ணில் பட்டால் அன்றைக்கு வேறு எதையும் தேடாமல் அதையே பாருங்கள். மூக்கை மூடியிருக்கும்போதும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் வரும். அது தலையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவி, ஒரு நத்தையைக் கரையோரம் கொண்டுவந்து தரையில் அழுத்திப் பிடிக்கும். ஓட்டை நொறுக்காது. கீழ்மூக்கின் நுனியை நத்தையின் மூடிக்குள் செலுத்தி, தலையைச் சற்றே ஆட்டி, சதையை மட்டும் உருவி விழுங்கிவிடும். வெறும் ஓடு சேற்றில் கிடக்கும். அது நின்றுவிட்டுப் போன இடத்தில் அந்த ஓடுகளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். மூக்கின் வடிவம் சாப்பாட்டின் வடிவம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பறவை நம் ஏரியில் இல்லை. இந்த ஒரு பாடம்தான் கோடியக்கரைச் சேற்றில் உங்களைக் கைபிடித்து நடத்தப்போகிறது.

இன்னொன்றையும் நம் ஊரிலேயே பார்த்துவிட வேண்டும். ஏரியின் கல்கட்டுக் கரையில், தனியாக, பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடக்கும் சிறிய பழுப்பு உள்ளான் (கரையோரச் சேற்றில் இரை தேடும் பறவை) ஒன்று ஆகஸ்டு கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பெரும்பாலான ஏரிகளில் இருக்கும். வயிற்றின் வெள்ளை, தோளுக்கு முன்னால் ஒரு விரல்போல மேலேறி இருக்கும். எழுந்தால் இறக்கையை விறைப்பாகத் தாழ்த்தி, சின்னச் சின்ன வீச்சாகத் தண்ணீரை ஒட்டியே பறக்கும். இதுவும் வடநாட்டிலிருந்து வலசை வந்ததுதான். இந்த ஒரு பறவையை நன்றாகப் பழகிவிட்டால், கடற்கரையில் வேறு எந்த உள்ளானைக் கண்டாலும் "இது அதைவிடப் பெரிதா சிறிதா, இது வாலை ஆட்டுகிறதா இல்லையா?" என்று கேட்க ஓர் அளவுகோல் கையில் இருக்கும்.

கரையில் மீன்பிடிப்பவர்களிடம் பேசுங்கள். "என்ன பறவை இருக்குதுங்கண்ணா?" என்று கேட்டால் "கொக்குதான் தம்பி" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். "எந்தப் பக்கம் தண்ணி கம்மியா இருக்குதுங்கண்ணா, எங்க சேறு தெரியுது?" என்று கேட்டுப் பாருங்கள். சரியான இடத்தைக் கை நீட்டிக் காட்டுவார்கள். நீர்ப்பறவை பார்ப்பவர் தேட வேண்டியது பறவையை அல்ல, தண்ணீரின் ஆழத்தை. முழங்கால் ஆழத்தில் நிற்பது ஒன்று, கணுக்கால் ஆழத்தில் நிற்பது ஒன்று, ஈரச் சேற்றில் ஓடுவது ஒன்று. ஏரி நிறைந்து தளும்பும்போது நாமக்கோழியும் நீர்க்காகமும்தான் இருக்கும். தண்ணீர் இறங்கிக் கரையோரம் சேறு விரியும்போதுதான் உள்ளான்கள் இறங்கும்.

மேட்டூரிலும் இதைப் பார்க்கலாம். 1934-இல் கட்டி முடித்த அணை. முழு நீர்மட்டம் 120 அடி. நீர்மட்டம் இறங்கிய மாதங்களில் நீர்த்தேக்கத்தின் ஓரங்களில் சேறும் புல்லும் வெளிப்பட்டிருக்கும். ஆற்று ஆலாக்கள் (நீருக்கு மேல் பறந்து மீன் பிடிக்கும் பறவைகள்) மீனுக்குப் பாயும். ஆலாக்களைக் கடலில் முதன்முறையாகப் பார்த்துக் குழம்புவதைவிட இங்கே பார்த்துவிட்டுப் போவது நல்லது.

ஏற்காடு வேறு பள்ளிக்கூடம். காப்பித் தோட்டங்களிலும் சோலைகளிலும் பறவை கண்ணுக்கு முன் காதில் விழும். மஞ்சள்தொண்டைச் சின்னான் போன்ற, தென்னிந்தியப் பாறைக் குன்றுகளுக்கே உரிய பறவை சேர்வராயன் மலையில் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். சதுப்புக்குத் தயாராவதற்கு ஏரிதான் சரி.

மூக்கு, கால், நடை, நிறம் கடைசியில்

புதியவர்கள் பறவையைப் பார்த்ததும் நிறத்தைத்தான் சொல்வார்கள். குளிர்காலத்தில் நம் கடற்கரைக்கு வரும் கரையோரப் பறவைகளுக்கு நிறமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இனப்பெருக்கக் காலத்துச் செம்மையும் கருமையும் அவற்றின் ஊரில்தான். இங்கே வரும்போது எல்லாம் மேலே பழுப்பு, கீழே வெள்ளை. ஏப்ரலில் கிளம்பும் முன்தான் சிலவற்றின் மார்பில் செம்மை படரத் தொடங்கும். ஆகவே இந்த வரிசையில் கேள்வி கேட்டுப் பழகுங்கள்.

முதலில் அளவு. சிட்டுக்குருவி, மைனா, ஆட்காட்டி, கொக்கு ஆகிய நான்கும் உங்கள் படிக்கற்கள். கொசு உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். பவளக்காலி மைனாவைவிடச் சற்றுப் பெரிது. நெடுங்கால் உள்ளான் உடலில் ஆட்காட்டிக்குக் கிட்டத்தட்ட. கால் மட்டும் எங்கேயோ போய் நிற்கும். தனியாக நிற்கும் பறவையின் அளவைத் தூரம் ஏமாற்றிவிடும். பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று வரும்வரை காத்திருப்பது நல்லது.

அடுத்தது நடை. இதுதான் தூரத்திலிருந்தே சொல்லக்கூடியது. உப்புக்கொத்திகளுக்கு மூக்கு குட்டை, கண் பெரிது. கண்ணால் பார்த்துத்தான் இரை பிடிக்கும். அதனால் நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். உள்ளான்களின் மூக்கு நுனியில் தொடு உணர்வு அதிகம். சேற்றுக்குள் குத்திக் குத்தித் தடவித்தான் இரையைக் கண்டுபிடிக்கும். அதனால் தலை நிமிராமல் தையல் மிஷின் ஊசிபோலக் குத்திக்கொண்டே நகரும். சேற்றில் ஒரு கூட்டம் இருந்தால் இந்த ஒன்றை வைத்தே பாதியைப் பிரித்துவிடலாம்.

பிறகு மூக்கின் நீளமும் வளைவும். கொசு உள்ளானின் குட்டை மூக்கு சேற்றின் மேல்தோலைத்தான் தொடும். வளைமூக்கு உள்ளானின் மூக்கு இன்னும் நீளம், நுனி சற்றுக் கீழே வளைந்தது; வயிறு நனையும் ஆழத்திலும் நின்று தேடும். மூக்கன்கள் நீண்ட நேர்மூக்கைக் கண்வரைக்கும் புதைத்து எடுக்கும். கோட்டானின் (ஆந்தை இல்லை, பெரிய கரையோரப் பறவை) மூக்கு அரிவாள்போல் வளைந்தது. நண்டும் புழுவும் ஒளிந்திருக்கும் வளைக்குள் அது போகும். கரண்டிவாயன் மூக்கைப் பாதி திறந்து வைத்துத் தண்ணீரை இடம் வலமாக அரிந்துகொண்டே நடக்கும். ஒரே சேற்றில் இத்தனை பேர் சண்டையில்லாமல் சாப்பிட முடிவது ஒவ்வொருவருக்கும் எட்டும் ஆழம் வேறு என்பதால்தான். இது புரிந்துவிட்டால் அப்புறம் படம் பார்த்துப் பெயர் தேட வேண்டிய அவசியமே குறைந்துவிடும். பறவை எங்கே நிற்கிறது என்பதே பாதிப் பெயரைச் சொல்லிவிடும்.

கால் நிறம் அதற்கப்புறம். பவளக்காலிக்குச் சிவப்பு, பச்சைக்காலிக்கு மங்கிய பச்சை. கடைசியாகப் பறக்கும்போது பாருங்கள். பவளக்காலி எழுந்தால் இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். பச்சைக்காலி எழும்போது மூன்று முறை 'தியூ தியூ தியூ' என்று கத்திவிட்டுத்தான் போகும்.

எண்ணிப் பழகுதல்

சின்ன நோட்டு ஒன்று வையுங்கள். நாள், இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், பறவை, எண்ணிக்கை. இவ்வளவு போதும். 'நிறைய' என்று எழுதாதீர்கள். மூக்கனேரியில் முந்நூறு நாமக்கோழி கூட்டமாக மிதக்கும்போது, முதலில் பத்தை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் வைத்துக்கொண்டு, அதே அளவு இடம் எத்தனை என்று அளந்துகொண்டே போங்கள். பிறகு ஐம்பது ஐம்பதாக. இப்படிப் பழகியவர்களால்தான் கோடியக்கரையில் ஒரு பூநாரைக் கூட்டத்தைப் பார்த்து நியாயமான ஓர் எண்ணைச் சொல்ல முடியும்.

பட்டியலை இ-பேர்ட் செயலியில் ஏற்றினால் உங்கள் ஞாபகமாக மட்டும் இல்லாமல் ஆராய்ச்சிக்கும் பயன்படும். பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. புதியவர்கள் சேர்ந்துகொள்ள இவற்றைவிட நல்ல வாய்ப்பு இல்லை. பழகியவர் பக்கத்தில் ஒரு காலை நின்றால், புத்தகத்தில் ஒரு மாதம் படிப்பது ஒட்டிவிடும்.

ஏரியில் கை பழகியபின் நேராகக் கடலுக்கு ஓடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரோடு மாவட்டத்து வெள்ளோடு சரணாலயத்துக்கு ஒரு நடை போய்வரலாம்.

எப்போது, எப்படி

கோடியக்கரை காட்டுயிர் சரணாலயம் 1967-இல் அறிவிக்கப்பட்டது. 2002-இல் சரணாலயத்தோடு வேதாரண்யம் பெரும் சதுப்பு, தலைஞாயிறு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் சேர்த்து 38,500 ஹெக்டேர் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்த அங்கீகாரம் பெற்ற முதல் இடம் அதுதான். தெற்கே இறங்கிவரும் கிழக்குக் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனை. வங்கக்கடலும் பாக் நீரிணையும் சேரும் மூலை.

மாதம் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். ஆகஸ்டு, செப்டம்பரிலேயே உள்ளான்கள் வரத் தொடங்கிவிடும். அக்டோபரில் காட்டுக்குள் ஆறுமணிக்குருவி போன்ற வலசைப் பறவைகள் தங்கி இளைப்பாறும். நவம்பரிலும் டிசம்பர் முதல் பாதியிலும் வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறி இந்தக் காட்டைப் புரட்டிப்போட்டதை மறந்துவிடக் கூடாது. வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் அந்த மாதத்தில் கிளம்ப வேண்டாம். புதியவர்களுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடியும் வரை சரியான காலம்.

ஒரு நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: தை அமாவாசை. கோடியக்கரைக் கடலில் நீராட அன்றைக்குப் பெருங்கூட்டம் வரும். நீராடப் போகிறவர்களுக்கு அது நல்ல நாள். பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு ரோட்டில் நிற்கவே இடம் இருக்காது.

சேலத்திலிருந்து நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். அங்கிருந்து கோடியக்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் போகிறவர்கள் இரவே கிளம்பித் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ மாறிக்கொள்ளலாம். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். சதுப்பில் பார்க்கும் நேரம் காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நாலிலிருந்து ஆறு. நடுவில் வெயில் ஏறினால் சேற்றின் மேல் கானல் ஆடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியிலும் எதுவும் தெளியாது. அதனால் ஓர் இரவு தங்கினால்தான் ஒரு முழு மாலையும் ஒரு முழுக் காலையும் கிடைக்கும். கோடியக்கரையில் வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் லாட்ஜ் உண்டு. சரணாலயத்துக்குள் போகச் செக்போஸ்டில் சீட்டு வாங்க வேண்டும். சதுப்புப் பகுதிக்கும் உப்பளங்களுக்கும் வனத்துறை எங்கே போகலாம் என்கிறதோ அங்கே மட்டும்தான். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள்; எந்த வாரம் எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பையில் தண்ணீர், தொப்பி, நனைந்தால் பரவாயில்லை என்கிற செருப்பு, பைனாகுலரைத் துடைக்கச் சுத்தமான பருத்தித் துணி. உப்புக்காற்று கண்ணாடியில் படிந்துவிடும். முதலில் ஊதித் தூசை நீக்கிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம். காக்கியும் மங்கிய பச்சையும் நல்லது.

சதுப்பில் முதல் காலை

பெரும் சதுப்பு வேதாரண்யம்-கோடியக்கரைச் சாலைக்கு மேற்கே விரிந்து கிடக்கிறது. ஆகவே காலையில் சாலைப் பக்கமிருந்து மேற்கே பார்த்தால் வெயில் தானாகவே முதுகுப் பக்கம் வந்துவிடும். மாலையில் நிலைமை தலைகீழ். அப்போது கடற்கரைக்கோ காட்டோரத்துக்கோ போய்விடலாம். நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வழியில் உப்பளங்களைப் பார்ப்பீர்கள். சேலத்தில் வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராகவும் பணியாற்றிய ராஜாஜி, 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளியது இந்த வேதாரண்யத்தில்தான். பறவை பார்க்க வந்தவர்களும் அந்தப் பாத்திகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும். கடல்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகப் போக உப்பு ஏறிக்கொண்டே போகும். உப்பு குறைந்த நீரில் மீன் வாழும். அங்கே கூழைக்கடாவும் ஆலாவும் இருக்கும். உப்பு ஏறிய நீரில் மீன் நிற்காது. நுண்பாசியும் சின்ன உப்புநீர் இறால்வகையும்தான் பெருகும். பூநாரைக்கு வேண்டியது அதுதான். சதுப்பிலும் இதே கதைதான். மழை முடிந்த கையோடு நன்னீர் நிறைந்து நிற்கும்போது வாத்துகள் அதிகம் இருக்கும். வாரங்கள் போக, நீர் வற்றி உப்பேற, பூநாரைகள் கூடும். 'போன வருஷம் இங்கேதான் இருந்தது, இந்த வருஷம் காணோம்' என்று ஏமாறுவதற்குப் பதில், தண்ணீர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

பூநாரைக் கூட்டம் கண்ணில் பட்டதும் கேமராவை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் தொடர்ந்து பாருங்கள். தலையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மேல்மூக்கு கீழே இருக்கும்படி தண்ணீரில் அமிழ்த்தும். கால்கள் மாறி மாறிச் சேற்றை மிதிக்கும். சில சமயம் மூக்கை நடுவில் வைத்து அதைச் சுற்றியே வட்டமாக நடக்கும். மிதிபட்டுக் கலங்கி எழும் நீரை நாக்கால் இழுத்துத் தள்ள, மூக்கின் ஓரத்துச் சீப்புப் பற்கள் அரித்து உணவை நிறுத்திவிடும். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை இளம் பறவைகள். நுண்பாசியிலும் அந்த இறாலிலும் இருக்கும் நிறப்பொருள் உடம்பில் சேரச் சேரத்தான் இளஞ்சிவப்பு வரும். எவ்வளவு சாம்பல் குஞ்சுகள் இருக்கின்றன என்று தனியாக எண்ணி எழுதுங்கள். அவை பிறந்த இடத்தில் அந்த வருடம் இனப்பெருக்கம் எப்படி இருந்தது என்பதற்கு அது ஒரு தடயம்.

அதன்பின் பார்வையைப் பூநாரைகளின் காலடிக்கு இறக்குங்கள். நீங்கள் இரண்டு மாதம் பழகியது இதற்காகத்தான். ஆழ நீரில் பூநாரை, அதற்கு இப்பால் மூக்கன், கணுக்கால் நீரில் வளைமூக்கு உள்ளான், ஈரச் சேற்றில் கொசு உள்ளான், காய்ந்த ஓரத்தில் உப்புக்கொத்தி. பட்டை பட்டையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தானாக விலகும். உலகத்திலேயே சில நூறு மட்டும் மிஞ்சியிருக்கும் கரண்டிமூக்கு உள்ளான் ஒரு காலத்தில் இந்தச் சதுப்பில் பதிவாகியிருக்கிறது. கொசு உள்ளான் கூட்டத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தூரம் அதிகம் என்பதால் இங்கே பைனாகுலர் மட்டும் சில நேரம் போதாது. முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் வைத்திருப்பவர்களோடு குழுவாகப் போனால் நல்லது. புதியவர்கள் அதை வாங்க அவசரப்பட வேண்டாம்.

வெயில் ஏறியதும் காட்டுக்குள் போய்விடுங்கள். பாலை மரங்களும் முட்புதர்களும் அடர்ந்த உலர் பசுமைக்காடு. புல்வெளியில் வெளிமான் கூட்டமும், காட்டுக் குதிரைகளும் தெரியும். கடல்நீர் ஓரத்தில் விராலடிப்பானையும் செம்பருந்தையும் தேடுங்கள்.

பறவையை எழுப்பாதீர்கள்

ஒரு கூட்டம் மொத்தமாக எழுந்து பறந்தால் படம் அழகாக வரும். அதற்காகக் கைதட்டுவதையும், சேற்றில் இறங்கி ஓடுவதையும் நேரில் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் சில உள்ளான்கள் தங்கள் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கொழுப்புதான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு எரிபொருள். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் தின்னும் நேரமும் போகிறது, சேர்த்த கொழுப்பும் கரைகிறது. பறவைகள் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால், அல்லது நடந்து விலகத் தொடங்கினால், நீங்கள் நெருங்கியது போதும். அங்கேயே நின்றுவிடுங்கள், அல்லது இரண்டடி பின்வாங்குங்கள். டிரோன் கூடாது. போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் கூடாது.

வளையம் கண்டால்

கோடியக்கரையில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாகப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் இட்டு விட்டிருக்கிறது. உள்ளான் காலில் உலோக வளையமோ, நிறப் பட்டையோ தெரிந்தால், எந்தக் காலில், முழங்காலுக்கு மேலா கீழா, எந்த நிறம் மேலே எந்த நிறம் கீழே, எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று உடனே நோட்டில் எழுதுங்கள். நினைவை நம்ப வேண்டாம். படம் மங்கலாக வந்தாலும் எடுத்து வையுங்கள். எழுதியதைக் கழகத்துக்கு அனுப்பினால், அந்தப் பறவைக்கு எங்கே, எந்த ஆண்டில் வளையம் இட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வாய்ப்புண்டு. மூக்கனேரியிலும் மேட்டூரிலும் உள்ளான் காலைப் பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள். வளையமிட்ட பறவை கடற்கரையில்தான் இறங்கும் என்று இல்லை.

திரும்பும்போது நேரம் இருந்தால் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிக்கு ஒரு வளைவு போட்டு வாருங்கள். தஞ்சாவூரிலிருந்து வடக்கே ஏறினால் போதும். கரைவெட்டியில் தண்ணீர் நிற்கும் ஆண்டுகளில் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் தங்கும். மாலை நாலு மணிக்குள் கரைக்குப் போய்ச் சேரும்படி வண்டியை எடுங்கள்.